மூன்றாம் சனல்

முற்றவெளியில் அன்றைக்குக் காற்று பண்ணைப் பக்கமிருந்து.
மைக்கில் விழுந்தால் மழை மாதிரிக் கேட்கும் என்று
எல்லா மைக்குக்கும் கறுப்புப் பஞ்சு மாட்டியிருந்தேன்.
முதலாம் சனலில் ட்ரம். இரண்டில் பேஸ்.
மூன்றில் அவர்.

எமில் சௌந்தரநாயகம், வயது எழுபத்து நான்கு.
வெள்ளைக் கோட்டு, அக்குளில் மட்டும் பழுப்பு.
வானால் இறங்கியவர்
கோட்டையையும் பார்க்கவில்லை, கடலையும் பார்க்கவில்லை.
"தம்பி, கக்கூஸ் எங்கை?"

முன்வரிசையில் டொக்டர்மார், சங்கத் தலைவர்,
நிகழ்ச்சி நிரலை விசிறியாய் மடித்த மனைவிமார்.
கயிற்றுக்கு அப்பால்
சைக்கிளில் ஒரு காலூன்றி நின்றவர்களுக்குத்தான்
எல்லாப் பாட்டும் பாடம்.

சனம் கேட்பது ஒன்று, ஹெட்போனில் நான் கேட்பது வேறு.
சனத்துக்கு எக்கோ கலந்து, கொஞ்சம் ஈரம் கலந்து,
முப்பது வயதாக்கி அனுப்புவேன்.
எனக்கு வருவது பச்சையாய் வரும்:
பல்செட் தட்டுகிற சத்தம்,
வரிக்கு முன்னால் மூக்கால் இழுக்கிற மூச்சு,
நெஞ்சுக்குள் எங்கேயோ
சரியாய்ப் பூட்டாத குழாய்.

நாலாவது பாட்டுக்கு முன் மைக்கைக் கோட்டோடு பொத்தி
டிலக்சனிடம் சொன்னார்,
"ரெண்டு கட்டை இறக்கு ராசா."
துணிக்குள்ளால் எனக்குக் கேட்டது.
அவன் கீபோட்டில் ஒரு பொத்தானை அமத்தினான்.
பாட்டு சத்தமில்லாமல்
மாடியிலிருந்து கீழ்வீட்டுக்குக் குடிவந்தது.

பிறகு குடைப் பாட்டு.
தொடங்கமுன் கொஞ்சம் கதைத்தார்.
"இதை ஆரை நினைச்சுப் பாடினீங்கள் எண்டு
ஐம்பது வருசமாய்க் கேக்கினம்.
ஒருத்தரையும் இல்லை.
ரேடியோவில இருபத்தைஞ்சு ரூபா தந்தவை.
எனக்கு அப்ப சப்பாத்து வாங்க வேணும்."
சனம் சிரித்தது, கொஞ்சம் ஏமாந்தும் போனது.
அவர் சிரிக்கவில்லை.
தண்ணிப் போத்தல் மூடியைத் திருகித் திருகி நின்றார்.
"ஆனா இப்ப பாடேக்கை ஒராள் வருகுது."
ஆரென்று சொல்லவில்லை.
வயலின்காரரைப் பார்த்துத் தலையாட்டினார்.

எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது.
சீட்டுக்காசை எடுத்து இந்த மிக்சரை வாங்கினதால்
பதினொரு நாளாய் வதனி என்னோடு கதைக்கிறதில்லை.
போனை எடுத்து அவளுக்கு அடித்தேன்.
எடுத்தாள். ஹலோ சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
ஹெட்போனின் ஒரு காதை நீக்கி
போனோடு பொத்தி வைத்தேன்.

மற்றக் காதில் எனக்கு அவர்.
மழை, குடை, ஒரு பக்கம் நனையும் தோள்,
எல்லாம் வழமைபோல வந்தது.
கடைசிச் சரணத்தில் குரல் ஏறுகிற இடத்தில்
அவர் ஏறவில்லை.
இடைப்படியில் குந்திவிட்டார்.
சொல் வரவில்லை. மூச்சு மட்டும்
உள்ளே போனது, வெளியே வந்தது,
இன்னொருமுறை உள்ளே.

இப்படி நேரங்களில் சத்தத்தைக் குறைக்க வேண்டும்;
வயலினை ஏற்றி மூட வேண்டும்.
இருபது வருசமாய் அதுதான் என் தொழில்.
எக்கோவை நிப்பாட்டினேன்.
மூன்றாம் சனலை மேலே தள்ளினேன்.

முற்றவெளி முழுக்க அந்த மூச்சு போனது.
சைக்கிள்காரர் விசிலடிக்கவில்லை.
விசிறிகள் நின்றன.
ஐஸ்கிறீம் வானின் மணியை ஆரோ கையால் பொத்தினார்கள்.
பிறகு அவர் மிச்ச வரியைப் பாடவில்லை, சொன்னார்,
ஒரு விலாசம் சொல்வது மாதிரி.

கைதட்டல் எவ்வளவு நேரமென்று எனக்குத் தெரியாது,
மீற்றர் ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணிக்கு வயர் சுற்றும்போது பார்த்தால்
போன் இன்னும் வெட்டுப்படவில்லை.
காதில் வைத்தேன்.

"அந்த மனுசனுக்கு நெஞ்சிலை சளி," என்றாள்,
"ஆடாதோடை அவிச்சுக் குடிக்கச் சொல்லுங்கோ."
வான் எப்பவோ போட்டுது என்றேன்.
அந்தப் பக்கம் நாய் ஒன்று குரைத்தது,
எங்கள் ஒழுங்கை நாய்தான்.
"இடையில இருமினது நீங்கள்."
ஓம் என்றேன்.

"கேற் பூட்டேல்லை," என்று சொல்லிவிட்டு
வைத்தாள்.